வேற ஏதாவது மாத்திரை

மருந்துக்கடைக்காரர் யாரையும் சும்மா அனுப்பியதில்லை. சீட்டை வாங்குவார். நெற்றியில் கிடக்கும் மூக்குக்கண்ணாடியை இறக்குவார். மாத்திரை அட்டையைக் கத்தரிப்பார். நீட்டும்போது அட்டையின் ஒரு முனையை விடாமல் பிடித்துக்கொண்டு கேட்பார்.

“வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?”

பதில் வந்த பிறகுதான் முனையை விடுவார். இல்லை என்று சொன்னால் போதாது, யோசித்துச் சொல்ல வேண்டும். வயிற்றுக்கு, தூக்கத்துக்கு, மூட்டுக்கு, பக்கத்து வீட்டுக்காரர் நல்லது என்று கொடுத்தது, பொடி, பாட்டில் என்று அவரே எடுத்துக்கொடுப்பார். பின்னால் வரிசை நிற்கும். நிற்கட்டும் என்பார். வழி கேட்க நுழைந்த ஒருவர்கூட மாட்டிக்கொண்டு, மனைவிக்குத் தெரியாமல் சாப்பிடும் முடி வளர்கிற மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் போனார். தெருவில் அவருக்கு ‘விசாரணை’ என்று பெயர். அப்படிக் கூப்பிட்டவர்களும் மருந்தை அவரிடம்தான் வாங்கினார்கள்.

பஞ்சுவிடம் மட்டும் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. பஞ்சு அவர் மனைவியின் தம்பி.

மருந்துக்கடைக்கு நேர் எதிரே பஞ்சுவின் சலூன். அவன் சொந்தப் பெயர் வேறு. கன்னத்தில் அவன் கத்தி இறங்குவது பஞ்சால் ஒற்றுவது மாதிரி இருக்கிறது என்று யாரோ சொல்லப்போக, அதுவே பெயராகி ஒட்டிக்கொண்டது. காய்ச்சலோ இருமலோ அவன் தெருவைக் கடந்து போனால், “வாடா மாப்ளே” என்பார் மாமா. மாத்திரையைக் கவுன்ட்டருக்கு மேலே தூக்கிப் போடுவார். அவன் பிடித்துக்கொள்வான். உன் வாய்க்குள்ளே எது போகிறது, எது போகவில்லை என்று உன்னைவிட எனக்குத்தான் தெரியும் என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

ஒவ்வொரு முறையும் பஞ்சு ஒரு பொய்யைத் தயாராக வைத்துக்கொண்டுதான் போவான். ஒண்ணும் இல்ல மாமா. தெருவைக் கடக்கும்போது உதட்டுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொள்வான். அதற்கு வேலை வந்ததே இல்லை. கொண்டுபோன பொய்யை அப்படியே திரும்பக் கொண்டுவருவான்.

மாமாவிடம் சொல்லாத அந்த ஒரு மாத்திரையை அவன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வாங்கினான். கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கிற பெரிய கடை. எண் அச்சிட்ட துண்டுச் சீட்டை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். ஒவ்வொரு முறையும் வேறு ஒரு பெண் இருப்பாள். அவளும் கேட்பாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவன் இல்லை என்பான். அவள் ஒரு பொத்தானை அழுத்துவாள். அந்த இல்லைக்கு எந்த எடையும் இருந்ததில்லை.

பல வருஷங்களுக்கு முன்னால், அவனும் மனைவியும் வேறு ஊரில் இருந்தபோது, அவனுக்குத் தூக்கம் போனது. தூக்கம் போன இடத்தில் யோசனைகள் வந்து உட்கார்ந்தன. சலூனைப் பெரிதாக்க வேண்டும், பக்கத்துக் கடையை வாங்க வேண்டும், தெருவையே வாங்க வேண்டும். வாய் ஓயாமல் பேசினான். நாற்காலியில் உட்கார்ந்தவரைப் பாதி முடியோடு விட்டுவிட்டுச் சுவரை இடித்து அளவு பார்த்தான். பிறகு ஒரு நாள் எல்லாம் வடிந்துபோய், படுக்கையை விட்டு எழ முடியவில்லை. மனைவிதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே கொடுத்த மாத்திரை அவனைத் தரையில் நிறுத்தியது. இது ஒரு வகை உப்பு என்றார் அங்கிருந்த டாக்டர். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். வேறு எந்த டாக்டரிடம் போனாலும் இதைச் சொல்ல வேண்டும். பஞ்சு தலையாட்டினான். தலையாட்டுகிறவர்களை நாற்காலியில் வைத்து வேலை செய்து பழகியவன், தலையாட்டுவதில் ஒன்றும் இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

உடம்பு தேறியதும் அக்கா இருக்கும் தெருவுக்கே வந்துவிட்டார்கள். அக்காவுக்கு ஒன்றும் தெரியாது.

அக்கா சாயங்காலங்களிலும் ஞாயிற்றுக்கிழமைக் காலையிலும் மருந்துக்கடையில் உட்காருவாள். கடைக்குள் தெரிந்துகொண்டது கடையைத் தாண்டக் கூடாது என்பது மாமாவின் சட்டம். அக்கா வாயைத் திறக்க மாட்டாள்தான். ஆனால் அக்காவின் முகத்துக்கு வாயைவிடச் சத்தம் அதிகம். எதிரில் யாராவது நடந்துபோனால், அவள் பார்க்கிற பார்வையிலேயே அவருக்குச் சர்க்கரையா மூலமா என்று பக்கத்தில் நிற்பவருக்குப் புரிந்துவிடும்.

ஒரு நாள் பஞ்சுவின் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, யார் என்று சொல்லாமல், ஒரு டாக்சிக்காரரைப் பற்றிப் பேச்சை எடுத்தாள். நல்ல மனுஷன், பாவம் என்று ஆரம்பித்தாள்.

“ஆனா அந்த மாதிரி மாத்திரை சாப்பிடறவன் ஸ்டியரிங்க புடிச்சா, நாம எப்படி நம்பி ஏறி உக்கார்றது?”

பஞ்சு தன் கையைப் பார்த்தான். அது பிடிப்பது ஸ்டியரிங் இல்லை. மனைவி, அவன் கேட்காமலே, அவன் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள்.

அக்காவிடம் சொல்லிவிடலாம் என்ற பேச்சு அன்றோடு அவன் வீட்டில் முடிந்தது. அக்காவே ஏறமாட்டேன் என்றால், தெரு எப்படிக் கழுத்தைக் கொடுக்கும்?

பிறகு ரத்த அழுத்தம் வந்தது. தெருக்கோடி டாக்டர் பட்டையைக் கையில் சுற்றி, காற்றடித்து, உதட்டைப் பிதுக்கினார். வேறு மருந்து எடுக்கிறீர்களா என்று அவரும் கேட்டார். எல்லாம் மாமா கடையில்தான் என்றான் பஞ்சு. அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. டாக்டர் சிரித்தார். விசாரணை கையில் இருக்கும்போது எனக்கென்ன கவலை என்று சீட்டு எழுதினார். டாக்டர் மாமாவை நம்பினார். மாமா அவனை நம்பினார். அவன் நடுவில் நின்றான்.

மாமா சீட்டைப் படித்தார். மாத்திரையைத் தூக்கிப் போட்டார். உப்பைக் குறை, முக்கியமாக உங்கள் அக்கா சமையல் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதே என்றார். உள்ளேயிருந்து அக்கா ஏதோ சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள்.

பஞ்சு உப்பைக் குறைத்தான். சொன்ன சொல் தட்டாதவன்.

முதலில் தாகம். எவ்வளவு குடித்தாலும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. வெயில் என்று நினைத்தான். பிறகு வயிறு சரியில்லை. பிறகு ஒரு காலையில் டீ கிளாஸை மேஜையில் வைத்தபோது அது டக டக என்று பேசியது. கையை எடுத்தான், கிளாஸ் நின்றது. கையைத் திரும்ப வைத்தான், பேசியது.

அதற்குப் பிறகு தினமும் கடை திறந்ததும் கண்ணாடி முன் நின்று ஒரு சீப்பைப் பிடித்துக் கையை நீட்டிப் பார்ப்பது வழக்கமாயிற்று. சீப்பின் பற்கள் ஒன்றோடொன்று கலந்து மங்கலாகத் தெரியும். மூச்சை அடக்கிப் பார்த்தான். முழங்கையை இடுப்பில் ஊன்றிப் பார்த்தான். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தால், இடது கையும் சேர்ந்து ஆடியது.

தபால்காரர் கிருதாவைச் சரிசெய்ய உட்கார்ந்தவர், “என்ன பஞ்சு, கை தந்தி அடிக்குது?” என்றார். பஞ்சு சிரித்தான். அவரும் சிரித்தார். எழுந்து போகும்போது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து சவரம் இல்லை என்றான். பிளேடு வரவில்லை என்றான். வந்துவிட்டதே என்று ஒருவர் வாங்கிவந்து காட்டியபோது, அது தோலுக்கு ஆகாத ரகம் என்றான். மெஷினை வைத்து முடி வெட்டுவதில் சிக்கல் இல்லை. மெஷின் தானே நடுங்குவதால், கை நடுங்குவது தெரியாது. நாள் முழுவதும் அதை ஓடவிட்டுக்கொண்டே இருந்தான். யாரும் இல்லாதபோதும் ஓடியது.

பழையது திரும்பி வருகிறது என்று நினைத்தான். போன தடவை தூக்கத்தின் வழியாக வந்தது, இந்தத் தடவை கை வழியாக நுழைகிறது. மாத்திரைக்கு அது பிடிபடவில்லை. டாக்டரிடம் போனால் ரத்தம் எடுப்பார், மாத்திரையை நிறுத்துவார், நிறுத்தினால் அந்த வருஷம் திரும்ப வரும். ரத்தம் எடுக்க வேண்டிய தேதி எப்போதோ கடந்திருந்தது. கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, நேரம் இல்லை என்று தள்ளிக்கொண்டே போனான். காலையில் எழுந்து நிற்கும்போது தரை லேசாகச் சரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, மனைவி பார்க்கிறாளா என்று பார்த்தான். பார்த்தாள்.

மாமாவிடம் சொல்லுங்கள் என்றாள். மாமாவிடம் சொல்வது அக்காவிடம் சொல்வது, அக்காவிடம் சொல்வது தெருவிடம் சொல்வது என்றான் அவன். மாமா அப்படிப்பட்டவர் இல்லை என்றாள்.

“அவர் சொல்ல மாட்டார். தலையணை சொல்லிடும்.”

“ஒருநாள் யார் கழுத்தையாவது அறுத்துட்டு வந்து நிப்பீங்க. அப்போ தெரு என்ன சொல்லும்?”

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பார்ப்பேன், அதற்குள் நீங்கள் சொல்லாவிட்டால் நானே தெருவைக் கடப்பேன் என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவனுக்குச் சமாளிக்கத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் மாமா சவரத்துக்கு வருவார். தன் கழுத்தை அவர் வேறு யாருக்கும் கொடுத்ததில்லை. போன ஞாயிறு காய்ச்சல் என்று பஞ்சு கடையைத் திறக்கவில்லை. இந்த ஞாயிறும் திறக்காமல் இருந்துவிடலாம் என்று படுத்திருந்தான். மனைவி சாவியைக் கொண்டுவந்து நெஞ்சின் மேல் வைத்தாள்.

மாமா பேப்பரை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“என்னடா மாப்ளே, போன வாரம் என்னை முள்ளம்பன்றியா அலைய விட்டுட்டே. உங்க அக்கா பக்கத்துல வராதேங்கறா.”

மெஷின் போடட்டுமா, சுலபமாக முடியும் என்றான் பஞ்சு.

“மெஷினா? நான் என்ன செம்மறி ஆடா?”

நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பஞ்சு கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டினான். முடிச்சு முதல் தடவை விழவில்லை. நுரை போடுவது எளிதாக இருந்தது. பிரஷ் எப்படியும் ஆட வேண்டியதுதான். தேவைக்கு மேல் நுரை போட்டான். கன்னம், மோவாய், கழுத்து என்று திரும்பத் திரும்ப. தும்மல் வருகிறது என்றார் மாமா. பிரஷைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று.

கத்தியில் புது பிளேடு மாட்டினான். மாட்டும்போது விரலை வெட்டிக்கொண்டான். துடைத்தான். வலது கிருதாவுக்குக் கீழே சுண்டுவிரலை மாமாவின் கன்ன எலும்பில் ஊன்றி, கத்தியை இறக்கினான். சரசரவென்ற சத்தம் சரியாக இருந்தது. ஊன்ற ஓர் எலும்பு இருந்தால் போதும். கன்னம் முடிந்தது. தாடை ஓரம் முடிந்தது. மாமா, புதிதாக வந்திருக்கும் இருமல் மருந்துப் பிரதிநிதியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆளே இருமிக்கொண்டு வந்தான் என்றார். பஞ்சு ம் ம் என்றான். வலது பாதி முகம் சுத்தமாகிவிட்டது. வேர்வை பஞ்சுவின் புருவத்தைத் தாண்டி இறங்கியது.

கழுத்தில் எலும்பு இல்லை.

மாமா தலையைப் பின்னால் சாய்த்தார். தொண்டை மேலே வந்தது. பேச்சு நின்றது. கழுத்தைக் கொடுத்துவிட்டுப் பேசுகிறவர் யாரும் இல்லை. பஞ்சு கத்தியைக் கொண்டுபோனான். நுரைக்கு ஒரு நூல் இடைவெளியில் அது நின்று ஆடியது. ஜன்னல் வெளிச்சம் பிளேடில் பட்டு, மாமாவின் மூடிய இமைமேல் துள்ளித் துள்ளி விழுந்தது. கையை எடுத்தான். துண்டில் துடைத்தான். மூச்சை நிறுத்தினான். திரும்பக் கொண்டுபோனான். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

தாடைக்கு அடியில் நுரையில் சிவப்பு நூல் ஒன்று ஓடியது.

படிகாரக் கட்டியை எடுத்தான். அது கையிலிருந்து குதித்துத் தரையில் உருண்டு நாற்காலிக்கு அடியில் போனது. குனிந்தவன் நிமிர்ந்தபோது மாமா கண்ணைத் திறந்திருந்தார். கண்ணாடி வழியாகப் பார்த்தார். காயத்தை அல்ல. கையை.

“கத்தியைக் கீழ வை.”

வைத்தான்.

“கையை நீட்டு. விரலை விரி.”

நீட்டினான். மாமா நெற்றியில் இல்லாத மூக்குக்கண்ணாடியைத் தேடினார். அப்புறம் வெறும் கண்ணாலேயே பார்த்தார். எவ்வளவு நாளாக என்று கேட்டார். தாகம் இருக்கிறதா. வயிறு எப்படி. எழுந்தால் தள்ளுகிறதா. எல்லாவற்றுக்கும் ஆமாம். மாமா, தான் கொடுத்த மாத்திரையை மனதில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கிறார் என்று பஞ்சுவுக்குத் தெரிந்தது. அந்த மாத்திரை மட்டும் இதைச் செய்யாது என்று அவர் முகம் சொன்னது.

மாமா எழுந்தார். கழுத்தில் கட்டிய துணியோடு, இடது பாதி முகத்தில் நுரையோடு, கோட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார்.

“மாமா, பாதிதான்...”

“வா.”

தெருவைக் கடந்தார்கள். எதிரில் வந்த சைக்கிள்காரர் காலை ஊன்றி நின்று பார்த்தார். கடையில் அக்கா இருந்தாள். இது என்ன கோலம் என்று கேட்டாள். மாமா கவுன்ட்டர் பலகையைத் தூக்கி உள்ளே போனார். பஞ்சுவும் வழக்கம்போலப் பின்னாலேயே நுழையப் போனான்.

“அந்தப் பக்கம் நில்லு” என்றார் மாமா.

வாடிக்கையாளர்கள் நிற்கும் இடத்தில் நின்றான். அங்கிருந்து கடை வேறு மாதிரித் தெரிந்தது. அலமாரிகள் உயரமாக இருந்தன.

மாமா அக்காவை உள்ளறைக்குப் போகச் சொன்னார். ஒரு வாடிக்கையாளரிடம் பேச வேண்டும் என்றார்.

“எந்த வாடிக்கையாளர்? நம்ம பஞ்சுதானே நிக்கறான்?”

“வாடிக்கையாளர்” என்றார் திரும்பவும்.

அக்கா போனாள். போகும்போது அவள் முகம் கேட்ட கேள்விகள் கதவு மூடிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றன.

மாமா கோட்டைப் போட்டுப் பொத்தான்களை மாட்டினார். மூக்குக்கண்ணாடியைப் போட்டார். அலமாரியிலிருந்து ரத்த அழுத்த மாத்திரை அட்டை ஒன்றை எடுத்தார். தூக்கிப் போடவில்லை. நீட்டினார். பஞ்சு ஒரு முனையைப் பிடித்தான். மாமா மறுமுனையை விடவில்லை.

“வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?”

பொய் தயாராக இருந்தது. எத்தனையோ வருஷம் கொண்டுவந்து கொண்டுபோன பொய். ஆனால் அது மாமாவுக்காகச் செய்துவைத்தது. எதிரில் நிற்பவர் அவனை ‘நீங்க’ என்கிறார். இவருக்கு என்ன சொல்வது என்று அவன் யோசித்து வைக்கவில்லை. இருவருக்கும் நடுவில் அட்டையின் தகடு சலசலவென்று சத்தம் போட்டது.

“சாப்பிடறேன்.”

“பேர் தெரியுமா?”

“லித்தியம்.”

மாமாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. எவ்வளவு காலமாக, எத்தனை வேளை, கடைசியாக ரத்தம் எடுத்தது எப்போது என்று கேட்டார். இருமல் மருந்து கேட்பவரிடம் பேசும் அதே குரல். இன்று காலையில் போட்டீர்களா என்று கேட்டார். இரண்டையும் போட்டேன் என்றான் பஞ்சு. மாமா அட்டையை அவன் விரல்களிலிருந்து மெதுவாக இழுத்துக்கொண்டார்.

“இது உங்க பழைய வியாதி இல்ல. நான் குடுத்தது உடம்புல இருக்கிற தண்ணியையும் உப்பையும் வெளிய தள்ளும். அது தள்ளத் தள்ள, இது வெளிய போக வழியில்லாம உள்ள தேங்கும். தேங்கினது இப்போ விஷமா நிக்குது. இப்பவே ஆஸ்பத்திரி போறோம்.”

விஷம் என்ற சொல் வந்ததும் பஞ்சு கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டான். வியாதி இல்லை என்ற சொல் அதற்கு முன்பே வந்திருந்தது. எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மாமா ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணினார். உள்ளறைக் கதவைத் திறந்து, அக்காவிடம் ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னார். தான் வரும்வரை சீட்டு கொண்டுவரும் யாருக்கும் ஒரு மாத்திரைகூடக் கொடுக்க வேண்டாம் என்றார். எங்கே போகிறீர்கள் என்று அக்கா கேட்டாள். வாடிக்கையாளருக்கு உடம்பு சரியில்லை என்றார்.

“அவன் என் தம்பி.”

“அப்போ அவன்கிட்ட கேளு. என்கிட்ட கேக்காதே.”

அவள் பஞ்சுவைப் பார்த்தாள். பஞ்சு டாக்சி வருகிறதா என்று தெருவைப் பார்த்தான். வந்த டாக்சியை யார் ஓட்டுகிறார் என்று பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி முன்கூடத்தில் இருந்த நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். கழுத்தில் துணி, பாதி முகத்தில் காய்ந்து வெடித்த நுரை, மறுபாதி பளபளப்பு, தாடையில் ரத்தக் கோடு. மாமாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பஞ்சுவிடம் தாழ்ந்த குரலில் கனிவாகக் கேட்டாள்.

“எவ்வளவு நாளா இவர் இப்படி இருக்கார்?”

பஞ்சுவுக்குச் சிரிப்பு வந்தது. பல வாரங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு, நிற்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நிற்கவில்லை என்று தெரிந்ததும் பயம் வந்தது. அந்த வருஷமும் இப்படித்தான் நிற்காமல் சிரித்தான். மாமா அவன் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்து, நோயாளி இவர் என்று சொன்னார். என்ன மருந்து, என்ன மருந்தோடு, எவ்வளவு காலம் என்று ஒரே மூச்சில் சொன்னார். நர்ஸ் எழுதாமல் எழுந்தாள்.

ரத்தம் எடுக்க அவன் கையை இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. கட்டிலில் படுக்கவைத்து மருந்து நீரை ஏற்றினார்கள். டாக்டர் வந்தார், முடிவைப் பார்த்தார், அளவு மிக அதிகம் என்றார். சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும், சில நாள் இங்கேயே இருக்க வேண்டும், இரண்டு மாத்திரையும் இப்போதைக்கு நிறுத்தம். கை எப்போது சரியாகும் என்று பஞ்சு கேட்டான். குறையும் என்றார், பார்க்கலாம் என்றார். நிறுத்தினால் பழையது வராதா என்று கேட்டான். அதையும் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்ற சொல்லை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மனைவிக்கு மாமா போன் பண்ணியிருந்தார். வந்துகொண்டிருந்தாள்.

மாமா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெகுநேரம் சொட்டுச் சொட்டாக இறங்கும் நீரையே பார்த்தார். பிறகு பஞ்சுவைப் பார்க்காமலே பேசினார்.

“உப்பையும் குறைன்னு சொன்னேன்டா. அது இன்னும் ஏத்தி விட்டிருக்கும்.”

பஞ்சு போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

“வழி கேக்க வர்றவனைக்கூட கேக்கறேன். உன்னைக் கேக்கல.”

“கேட்டிருந்தா பொய்தான் சொல்லியிருப்பேன் மாமா.”

“தெரியும். கேட்டிருக்கணும்.”

மாமாவின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். அடிக்கவிட்டார். நின்றது. உடனே திரும்ப அடித்தது. வீட்டில் வேறு யாருக்கும் அப்படி அடிக்கத் தெரியாது.

மாமா போனை நீட்டினார். பஞ்சு ஊசி இல்லாத கையால் பிடித்தான். மாமா மறுமுனையை விடவில்லை.

“நீ சொல்றியா? வேண்டாம்னா விடு. வாடிக்கையாளர் விஷயம்னு நான் கடைசி வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன். தலையணைகிட்டகூட.”

அந்தப் பேச்சு அவருக்கு எப்படித் தெரியும்? மனைவி போனில் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். பஞ்சு போனைத் தன் பக்கம் இழுத்தான். மாமா விட்டார். காதில் அது தட்டிக்கொண்டே இருந்தது. தலையணையில் வைத்து, அதன்மேல் காதைச் சாய்த்தான்.

“அக்கா, நான் ஒரு மாத்திரை சாப்பிடறேன். ரொம்ப வருஷமா. அந்த டாக்சிக்காரர் சாப்பிடற மாதிரி.”

மறுமுனையில் மருந்துக்கடையின் மின்விசிறி கேட்டது. யாரோ சீட்டை நீட்டியிருக்க வேண்டும், இப்போது இல்லை, அப்புறம் வாருங்கள் என்று அக்கா சொன்னாள். ஷட்டர் முழுவதும் இறங்கும் சத்தம். பிறகு அதுவும் இல்லை. அக்காவின் முகம் இப்போது என்ன சொல்கிறது என்று அவன் யோசித்தான். முகம் இல்லாமல் அவளோடு பேசி அவனுக்குப் பழக்கமில்லை.

“அவர் மூஞ்சியோட மீதிப் பாதி?” என்றாள் கடைசியில்.

“இங்க யாராவது வழிச்சு விடுவாங்கக்கா.”

“வேணாம். அப்படியே வரச் சொல்லு. நீ வந்து முடி.”

“கை இன்னும் நிக்கலக்கா.”

“நின்னதும் முடி.”

போன் அணைந்தது. பஞ்சு அதை மாமாவிடம் கொடுத்தான். மாமா என்ன என்று கேட்கவில்லை. காய்ந்த நுரையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். நுரைக்கு அடியில் இரண்டு வாரம் வளர்ந்த முடி, பாதி நரைத்து, குத்திக்கொண்டு நின்றது.

பஞ்சு வலது கையைப் போர்வையின்மேல் விரித்து வைத்தான். கண்ணை மூடிக்கொண்டான். தூக்கம் வந்தால் நல்லது, தூக்கம் வராவிட்டால் என்ன என்று யோசித்தான். பிறகு கண்ணைத் திறந்து பார்த்தான். விரல்களுக்குக் கீழே போர்வையின் மடிப்பு சிறுசிறு அலைகளாக நகர்ந்துகொண்டிருந்தது.